ஆர்க்கிடெக்ட்டின் இணையதளம்: பார்த்து ரசிக்கவா, வேலை கொண்டு வரவா?

நம் ஊர்களில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் கொத்தனாரைத் தேடுகிறார், இல்லையென்றால் காண்ட்ராக்டரை. ஆர்க்கிடெக்ட் என்றால் பங்களா கட்டுபவர்களுக்கு உரியவர் என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. ஐந்தாண்டு பி.ஆர்க். படித்துவிட்டுச் சொந்த ஊரிலேயே அலுவலகம் திறக்கும் நம் பிள்ளைகள் பலர், வேலை வராமல் ஓரிரு ஆண்டுகளில் சென்னைக்கோ துபாய்க்கோ சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். திறமை இருந்தும் ஊரில் அவர்களுக்கு இடமில்லை.

இவர்களில் பெரும்பாலோர் இணையதளம் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. கறுப்புப் பின்னணி, திரை முழுக்க ஒரு கட்டடத்தின் படம், மூலையில் சின்னதாகப் பெயர். பார்க்க அழகுதான், ஆனால் அதைப் பார்த்துவிட்டு யாரும் போன் செய்வதில்லை. காரணம் எளிது: அந்தத் தளம் இன்னோர் ஆர்க்கிடெக்ட்டிடம் பாராட்டு வாங்கத் தயாரானது. வீடு கட்டப்போகிறவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

மற்ற தொழில்களைப் போல விளம்பரம் கொடுத்து இந்தக் குறையைச் சரிசெய்யவும் வழியில்லை. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் கீழ் அமைந்த கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர், 1989இல் தொழில் நடத்தை விதிகளை வகுத்தது. ஆர்க்கிடெக்ட் தன் சேவையை விளம்பரம் செய்யக் கூடாது என்பது அதில் ஒரு விதி. சில விலக்குகள் உண்டு. அலுவலக வாசலிலும், தான் வடிவமைத்த கட்டடத்திலும் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது! தன் பணிகளைப் பற்றிய விளக்கமும் படமும் பத்திரிகையிலோ பிற ஊடகத்திலோ வரலாம், அதற்குப் பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995இல்தான் என்பதால், விதியை எழுதியவர்கள் இணையதளத்தை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே, ‘மாவட்டத்தில் முதலிடம்’, ‘சிறப்புச் சலுகை’ போன்ற வார்த்தைகளை விட்டுவிட்டு, செய்த வேலையையும் செய்யும் முறையையும் உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பானது. கவுன்சிலின் நடப்பு அறிவிப்புகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சட்டம் காப்பது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைத்தான். வடிவமைப்பு வேலையை மற்றவர்கள் செய்வதை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துவிட்டது. அதாவது, பிளான் போட்டுத் தருபவர் யாராக இருந்தாலும் உங்களுக்குப் போட்டியாளர்தான். அவரிடம் இல்லாத ஒன்று உங்கள் கவுன்சில் பதிவு எண். அதைத் தளத்தின் முகப்பிலேயே போடுங்கள். பலர் போடுவதே இல்லை.

வருகிறவர் யார்?

ரியாத்திலோ அபுதாபியிலோ பதினைந்து வருடம் உழைத்து, ஊரில் ஐந்து சென்ட் மனை வாங்கிப் போட்டிருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு வேலை முடிந்து அறைக்கு வந்து, படுக்கையில் சாய்ந்தபடி போனில் தேடுகிறார். அவர் கையில் இருப்பது ஆயுள் சேமிப்பு. ஊரிலுள்ள மச்சானை நம்பிப் பணம் அனுப்பி, பாதியில் நின்ற வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். அவருக்குக் கலைநயம் இரண்டாம்பட்சம். மொத்தம் எவ்வளவு ஆகும், உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும், அதற்கு என்னென்ன செய்வீர்கள், நான் ஊரில் இல்லாதபோது வேலையை யார் பார்ப்பார்கள் என்பவைதான் அவருடைய கேள்விகள்.

இவற்றில் கடைசிக் கேள்விதான் அதிகச் சண்டையைக் கிளப்புகிறது. ஆர்க்கிடெக்ட்டை நியமித்துவிட்டால் அவர் தினமும் வந்து நின்று பார்ப்பார் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். ஆர்க்கிடெக்ட்டின் வழக்கமான பணி, அவ்வப்போது வந்து வரைபடப்படி வேலை நடக்கிறதா என்று பார்ப்பது. அன்றாடக் கண்காணிப்புக்கு வீட்டுக்காரர் தனியாக ஒரு சைட் இன்ஜினியரையோ மேற்பார்வையாளரையோ வைக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள், ஆனால் வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். பில்லர் கோணலான பிறகு, ‘அது என் வேலை இல்லை’ என்று சொன்னால் எந்த மனிதருக்குக் கோபம் வராது? இணையதளத்தில் ஒரு பக்கத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். முதல் மாதிரி வரைபடம், திருத்தம், அனுமதிக்கான வரைபடம், ஒர்க்கிங் டிராயிங், காண்ட்ராக்டர் தேர்வு, கட்டுமானம் என்று படிப்படியாகச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கிடைக்கும், எத்தனை முறை மாற்றித் தருவீர்கள், எந்தெந்த நாளில் சைட்டுக்கு வருவீர்கள் என்று எழுதுங்கள். கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடுவதற்கு முன் வந்து, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு உங்கள் முப்பரிமாணப் படங்களைவிட அந்த ஒரு வரி பெரிது.

கட்டணத்தைச் சொல்ல ஆர்க்கிடெக்ட்டுகள் கூச்சப்படுகிறார்கள். ரூபாய்க் கணக்கு போட முடியாவிட்டாலும், கட்டுமானச் செலவில் சதவீதமா, சதுர அடிக்கு இவ்வளவா, எத்தனை தவணை என்ற முறையையாவது சொல்லலாம். கவுன்சிலே பணி நிபந்தனைகளையும் கட்டண அளவையும் வெளியிட்டிருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டலாம். கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர் போகட்டும். அவருக்காக மூன்று மாதிரி பிளான் இலவசமாக வரைந்து ஏமாறுவதைவிட அது நல்லது.

செய்த வேலையை எப்படிக் காட்டுவது?

‘ஒளியின் இல்லம்’ என்று பெயர் வைத்து நான்கு படம் போட்டால் கூகுளுக்கும் புரியாது, மனிதருக்கும் புரியாது. அந்தப் பெயரை யாரும் தேடப்போவதில்லை. ‘கீழக்கரையில் 30க்கு 40 அடி மனை, கிழக்குப் பார்த்த வீடு, தரைத்தளமும் முதல் தளமும்’ என்று எழுதினால், அதே அளவு மனை வைத்திருப்பவர் தேடும்போது கண்ணில் படும். அதன் கீழே மனையில் என்ன சிக்கல் இருந்தது, அதை எப்படித் தீர்த்தீர்கள், எத்தனை மாதம் ஆனது என்று பத்து வரி இருந்தால் போதும். பெரிய வேலைதான் போட வேண்டும் என்பதில்லை. பழைய வீட்டுக்கு மாடி எடுத்தது, இருட்டு சமையலறைக்கு வெளிச்சம் கொண்டு வந்தது போன்றவைதான் பெரும்பாலான வீட்டுக்காரர்களின் தேவை.

வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் உள்பக்கப் படங்களைப் போடாதீர்கள். பெயரும் தெருவும் சேர்த்து அறைகளின் முழு வரைபடத்தைப் போடுவது திருடனுக்கு வழி சொல்வதாகிவிடும். வேறோர் அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருந்தபோது வரைந்ததைக் காட்டினால், அந்த அலுவலகத்தின் பெயரையும் உங்கள் பங்கு என்ன என்பதையும் சொல்லிவிடுங்கள். காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதன் உரிமை வேலை கொடுத்தவருக்கே.

படங்களைவிட அதிக ஆட்களை அழைத்து வருவது உள்ளூர்க் கேள்விகளுக்கான விளக்கங்கள். தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் அடிப்படையில் உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. இது யாருக்குப் பொருந்தும், என்ன ஆவணம் வேண்டும் என்று உங்கள் பேரூராட்சியை வைத்து ஒரு பக்கம் எழுதலாம். காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உதிர்வது வாடிக்கை. ஐஎஸ் 456 தரநிலைப்படி, உப்புக் காற்று நேரடியாகப் படாத இடத்துக்கே கடலோரத்தில் குறைந்தது எம் 25 கலவை வேண்டும், நேரடியாகப் படும் இடத்துக்கு எம் 30. ஆனால் பலரும் உள்நாட்டு வீட்டுக்குப் போடுவதுபோல எம் 20 போட்டுவிட்டுப் போகிறார்கள். இதை எளிய தமிழில் எழுதிப் போட்டவரை அந்த ஊர் மறக்காது. கழிப்பறையில் கிப்லாவை முன்னோக்காமலும் பின்னோக்காமலும் கோப்பையை எப்படி வைப்பது என்பது நம்மவர்கள் எல்லோரும் கேட்பது. தமிழ்நாட்டிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல, சற்று வடக்குச் சாய்வு. மனை கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு படம் வரைந்து விளக்கலாமே!

‘எல்லாவற்றையும் எழுதிவிட்டால் என்னிடம் ஏன் வருவார்கள்?’ என்று சிலர் கேட்கிறார்கள். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் தன் தளத்தில் மண் கல் தயாரிப்பு, வளைவுக் கூரை பற்றியெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்தவர்கள் அங்கே பயிற்சிக்குப் போகிறார்கள். சிலி நாட்டின் அலெஹாந்திரோ அரவேனா, பிரிட்ஸ்கர் விருது பெற்ற 2016இல், தன் நிறுவனத்தின் நான்கு குறைந்த செலவு வீட்டுத் திட்டங்களின் வரைபடங்களை இலவசமாக இணையத்தில் வைத்தார். அதனால் அவர் நிறுவனத்துக்கு மதிப்புதான் கூடியது. வரைபடம் கையில் இருந்தாலும் அதைத் தன் மனைக்குப் பொருத்த ஆள் வேண்டும்.

தொழில்நுட்பப் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. தளத்தை உங்கள் லேப்டாப்பில் பார்க்காமல், சுமாரான போனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிவதே நல்ல வேகம் என்கிறது கூகுள். கேமராவிலிருந்து எடுத்த 6 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் அது நடக்காது. சில நூறு கேபிக்குள் சுருக்குங்கள். விளக்கத்தைப் படத்துக்குள் எழுதாமல், யூனிகோடு எழுத்தாகத் தமிழிலும் போடுங்கள். கூகுள் மேப்பில் அலுவலகத்தைப் பதிவு செய்வது இலவசம்.

தொடர்புப் படிவத்தில் பெயரும் எண்ணும் மட்டும் கேட்காமல், மனை எந்த ஊர், நீள அகலம் என்ன, பட்டா யார் பெயரில், கையில் உள்ள தொகை எவ்வளவு, எப்போது தொடங்க எண்ணம் என்று கேளுங்கள். இதை நிரப்பி அனுப்புகிறவர் பாதி முடிவெடுத்துவிட்டவர். அவருக்கு அன்றே பதில் சொல்லுங்கள், வெளிநாட்டு எண்ணாக இருந்தால் அங்குள்ள நேரத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

தளத்தின் முகவரியை உங்கள் பெயரிலேயே, உங்கள் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். தளம் அமைத்துத் தந்த தம்பி தன் பெயரில் வாங்கிவைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டால், புதுப்பிக்கும் தேதியில் ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.