டாக்டர் ஜான்ஸனது இல்லம்

அரசரும் பிரபுக்களும் வாழ்ந்த மாளிகைகள் தம் அழகாலும் அளவாலுமே பேணப்படும். வாடகைக்குக் குடியிருந்த வறிய புலவன் ஒருவனுடைய வீடு பேணப்படுதல் அரிது. அவ்வாறு அரிதிற் காக்கப்பட்டு இஞ்ஞான்று பொருட்காட்சிச்சாலையாக விளங்குவது, இலண்டன் மாநகரில் காஃப் சதுக்கத்திலுள்ள 17-ஆம் இலக்க மனையாகும். ஆங்கில அகராதி இயற்றிய டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன் 1748 முதல் 1759 வரை இதன்கண் வாழ்ந்தார். அம்மாநகரில் அவர் குடியிருந்த வீடுகள் பல. அவற்றுள் இன்று எஞ்சி நிற்பது இஃதொன்றே.

பிளீட் வீதிக்கு வடபாலுள்ள குறுகிய சந்துகளினூடே சென்றால் இம்மனையை அடையலாம். இது 1700-ஆம் ஆண்டையொட்டிச் செங்கல்லாற் கட்டப்பட்டது. 1746-ஆம் ஆண்டில் புத்தக வியாபாரிகள் சிலர் ஒருங்குகூடி, அகராதி ஒன்று இயற்றித் தருமாறு ஜான்ஸனோடு 1,575 பவுனுக்கு உடன்படிக்கை செய்தனர். உதவியாளர்க்குரிய கூலியும் அத்தொகையினின்றே கொடுக்கப்படல் வேண்டும். மூன்றாண்டில் முடியுமென அவர் கருதிய வேலை ஏறக்குறைய ஒன்பதாண்டு நீண்டது.

அவ்வேலை நிகழ்ந்த இடம் கூரையை அடுத்த மேன்மாடமாகும். உதவியாளர் அறுவர், அவருள் ஐவர் ஸ்காத்லாந்து தேயத்தார். ஜான்ஸன் நூல்களைப் படித்துச் செல்லுங்கால், வேண்டிய சொற்களைப் பென்ஸிலாற் கோடிட்டு, அவற்றின் முதலெழுத்தைப் பக்கத்தின் ஓரத்திற் குறிப்பார். உதவியாளர் அவ்வாக்கியங்களைத் தனித்தனித் தாள்களிற் பெயர்த்தெழுதி அகரவரிசைப்படுத்துவர். இங்ஙனம் உருவாகிய அகராதி 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் நாள் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அதன்கண் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களும், ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் உள்ளன.

இப்பெரும்பணி துயரின்றி நிறைவேறியதன்று. 1752-இல் ஜான்ஸனுடைய மனைவியார் இறந்தார். ஜமெய்க்காத் தீவில் அடிமையாகப் பிறந்த பிரான்ஸிஸ் பார்பர் என்னும் சிறுவன் அவ்வாண்டிலேயே இவ்வீட்டை அடைந்தான். ஜான்ஸன் அவனைப் பள்ளிக்கு அனுப்பிக் கற்பித்தார். 1784-இல் தாம் இறக்கும்போது உடைமையின் பெரும்பகுதியை அவனுக்கே உரிமையாக்கினார். அகராதியாற் புகழ் பரவிய மறுவருடமே கடனுக்காக ஜான்ஸன் கைது செய்யப்பட்டார். ரிச்சர்ட்ஸன் என்னும் நாவலாசிரியர் பொருளனுப்பி விடுவித்தார். வாயிற்கதவிலுள்ள கனத்த சங்கிலியையும், அதன்மேற் சாளரத்தின் குறுக்கேயுள்ள முட்கள் பொருந்திய இரும்புக்கோலையும் இன்று காண்போர், திருடரையும் கடன்காரரையும் ஒருங்கே அஞ்சி வாழ்ந்த அக்கால வாழ்க்கையை எளிதில் உணர்வர்.

ஜான்ஸன் நீங்கிய பின்னர் இம்மனை விடுதியாகவும் அச்சுக்கூடமாகவும் பண்டசாலையாகவும் பயன்பட்டு நாளடைவிற் சிதைந்தது. 1911-இல் செஸில் ஹார்ம்ஸ்வொர்த் என்னும் பாராளுமன்ற அங்கத்தினர் இதனை விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து, 1914-இல் பொதுமக்கள் காணத் திறந்து வைத்தார். பின்னர் இது தருமகர்த்தர் குழுவின் பொறுப்பில் விடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுகளால் இதன் கூரை சேதமுற்றது. அக்காலத்துத் தீயணைப்புப் படையினர் இளைப்பாறும் இடமாக இவ்வீடு பயன்பட்டது. அவர்கள் முயற்சியாலேயே இது முழுதும் அழியாது பிழைத்தது.

பொருட்காட்சிச்சாலை என்றவுடன் அரும்பொருள்கள் செறிந்த கண்ணாடிப் பேழைகள் நம் நினைவிற்கு வரும். இவ்வீட்டிலோ அவை மிகுதியாக இல்லை. எழுவர் குனிந்து உழைத்த மேன்மாடமும் பெரும்பாலும் வெறுமையாகவே உள்ளது. எனினும் அவ்வெறுமை குறையன்று. ஏறிச்செல்லும் படிகளும், தாழ்ந்த கூரையும், சாளர வழியே வரும் ஒளியுமே அங்குக் காணத்தக்கன. அகராதியை விரித்துப் பொருள் தேடும் மாணவர்க்கு அந்நூல் தானே முளைத்தது போலத் தோன்றும். அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஓர் அறையும், ஒரு கையும், ஒரு நாளின் உழைப்பும் உண்டென்பதை அம்மேன்மாடம் உணர்த்துகின்றது. பிறந்தோர் பெருமைக்காகவன்றி, செய்த தொழிலின் பெருமைக்காகவே ஒரு வீட்டைக் காத்தல் தகும் என்பதற்கு இது சான்றாகும்.