பொறியின்றிச் செய்தி

1913-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் காலையில், வேல்ஸ் நாட்டின் செங்ஹெனித் என்னும் ஊரிலுள்ள நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. தொழிலாளர் 439 பேரும், மீட்கச் சென்றவர்களுள் ஒருவரும் மாண்டனர். தீயை மூட்டியது எது என்பது ஐயந்திரிபறத் தெளியவில்லை. ஆயினும் விசாரணையில் ஐயத்திற்கு ஆளானவற்றுள் ஒன்று, மாணவர்களே, செய்தி சொல்லும் மின்சார மணி.

அம்மணியின் அமைப்பு எளிது. சுரங்கப் பாதை நெடுகிலும் உறையற்ற இரு கம்பிகள் ஓடும். எங்கேனும் நின்று அவ்விரண்டையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்தால் எஞ்சின் அறையில் மணி ஒலிக்கும். மின்னழுத்தம் மிகச் சிறிது; தொட்டவருக்குத் தீங்கில்லை. ஆனால் உடலுக்குத் தீங்கற்றது வாயுவுக்கும் தீங்கற்றதாகிவிடுமா? வீலர், தார்ண்டன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தனர். மணியிலுள்ள கம்பிச்சுருள் ஆற்றலைத் தன் காந்தப்புலத்தில் சேமித்து வைக்கிறது; தொடர்பு அறும் கணத்தில் அது பொறியாகத் தெறிக்கிறது. குற்றம் அழுத்தத்தில் மட்டும் இல்லை, சேமிப்பிலும் இருந்தது.

எவ்வளவு ஆற்றல் போதும் என்று கேட்கிறீர்களா? காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் அது வெடிக்கும். ஏற்ற கலவையை மூட்ட 0.28 மில்லிஜூல் போதும். ஒரு கிராம் எடையை மூன்று சென்டிமீட்டர் உயர்த்தும் உழைப்பு அவ்வளவே! ஹைட்ரஜனுக்கோ இதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டுவதில்லை. பொறி தோன்றினாலும் அதன் ஆற்றல் இவ்வளவை எட்டாதபடி சுற்றையே அமைத்துவிடும் முறை, அம்மணியின் ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்ததுதான்.

இனி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு வருவோம். அங்கே தொட்டிகளின் மட்டம், குழாய்களின் அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றை ஓயாது அறிய வேண்டும். ஆள் ஏறிப் பார்ப்பதென்றால் அவர் வாயு கசியும் இடத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். ஆகவே உணர்கருவிகளைப் பொருத்தி, அளவுகளை ரேடியோ அலைகளால் அனுப்பச் செய்கிறார்கள். 'வயர்லெஸ் ஹார்ட்' என்னும் முறை 2010-இல் இதற்கான பன்னாட்டுத் தரமாயிற்று. உணர்கருவி சிறு மின்கலத்தில் ஆண்டுக்கணக்கில் இயங்கும். எனவே அதன் ஆற்றலைக் கட்டுக்குள் வைப்பது எளிது. அவற்றின் செய்திகளைத் திரட்டிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் அணுகுமுனையின் நிலை வேறு. இடைவிடாது பல கருவிகளோடு பேசும் அதற்குப் பல வாட் மின்திறன் வேண்டும். மணிக்குச் செய்த மருந்து இதற்குப் போதாது.

ஆதலால் அதனைக் கனத்த உலோகப் பெட்டியினுள் வைக்கிறார்கள். வாயு உள்ளே நுழையாதபடி காப்பதே பெட்டியின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள், அன்று. வாயு நுழையலாம், உள்ளே வெடிக்கவும் செய்யலாம். பெட்டி அவ்வெடிப்பைத் தாங்கும். மூடியின் விளிம்பிலுள்ள மிகக் குறுகிய இடுக்கு வழியே வெளியேறும் நெருப்பு, உலோகத்தில் பட்டுக் குளிர்ந்து, புறத்தேயுள்ள வாயுவை மூட்டும் வலிமை இழக்கும்.

ஆனால் உலோகம் ரேடியோ அலையையும் தடுத்துவிடுமே! ஆன்டெனா வெளியில்தான் இருந்தாக வேண்டும். உள்ளே ஏதேனும் பழுதுற்றால் மின்வழங்கலின் மின்சாரம் ஆன்டெனாவுக்குப் பாயக்கூடும். அதைத் தடுக்க இடையே மின்தேக்கிகளை வைக்கிறார்கள். அவை உயர் அதிர்வெண் அலையை விடும், நேர்மின்னோட்டத்தை விடா. அலையே ஆபத்தாகுமோ எனில், அதற்கும் வரம்புண்டு. ஹைட்ரஜன் உள்ள இடத்தில் 2 வாட், மீத்தேன் உள்ள இடத்தில் 6 வாட். ஆன்டெனா அலையை ஒருமுகப்படுத்தும் அளவையும் சேர்த்தே இதைக் கணக்கிட வேண்டும். அணுகுமுனை அனுப்புவது பெரும்பாலும் ஒரு வாட்டின் பத்தில் ஒரு பங்குதான்.

என்னைக் கேட்டால், இயன்றவரை இப்பெட்டியை அபாய எல்லைக்கு வெளியே நிறுத்தி, அலையை மட்டும் உள்ளே அனுப்புவதே நன்று என்பேன். ஆனால் இரும்புத் தொட்டிகளும் குழாய்களும் அலையை மறைப்பதால் எங்கும் அது கைகூடுவதில்லை. உள்ளே வைத்த பெட்டியின் மூடியில், வாயு சூழ்ந்திருக்கையில் திறவாதே என்று எச்சரிக்கை பொறித்திருப்பார்கள். பழுது பார்த்தவர் மூடியின் ஒரு திருகாணியை மாட்டாமல் விட்டால், விளிம்பின் இடுக்கு அகன்று, அது வெறும் பெட்டியாகிவிடும்.