செட் போட்ட பிள்ளைக்குப் பரிசு எங்கே?

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23ஆம் கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பிள்ளைகள் படிப்படியாக ஏறி வருகிறார்கள். உச்சியில் கலையரசன், கலையரசி பட்டங்கள் காத்திருக்கின்றன. ஒன்றிய அரசு 2015இல் தொடங்கிய கலா உத்சவிலும் நாடகத்துக்கு இடம் உண்டு. கல்லூரிக்குப் போனால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் இளைஞர் விழா. அதன் நாடகப் பிரிவில் ஓரங்க நாடகம், ஸ்கிட், மைம், மிமிக்ரி. நுண்கலைப் பிரிவில் ஓவியம், கொலாஜ், போஸ்டர், களிமண் உருவம், கார்ட்டூன், ரங்கோலி, இன்ஸ்டலேஷன். இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் ஒரு மாணவி அகப்பட்டுக்கொள்கிறாள். கார்ட்போர்டை வெட்டிப் பாண்டியன் அரண்மனைத் தூண் செய்தவள், அம்மாவின் பழைய பட்டுச் சேலையில் கோப்பெருந்தேவிக்கு உடை தைத்தவள், சிவப்பு ஜெலட்டின் தாளை ஃபோகஸ் விளக்கில் ஒட்டி மதுரையை எரித்தவள். அவள் நடிக்கவில்லை, ஆகவே நடிகர் பரிசு கிடையாது. அவள் செய்தது தனி ஓவியமுமில்லை; ஆகவே ஓவியப் பரிசும் கிடையாது. மதிப்பெண் தாளில் மேடையமைப்புக்கு ஐந்தோ பத்தோ ஒதுக்கியிருந்தாலும் அது குழுவின் மொத்தக் கணக்கில் கரைந்துவிடும். மேடை வடிவமைப்புக்கென்று தனி மாணவர் போட்டி ஒன்று வேண்டும். அதைத் தொடங்கத் தமிழ்நாட்டில் மிகப் பொருத்தமான இடம் ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரம் என்பது என் கட்சி. சென்னையை விட்டுவிட்டு இதென்ன ஓசூர் என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

பரிசு என்றால் கோப்பையும் சான்றிதழும்தானே என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு வேலை தனி வேலை என்று சமூகம் ஒப்புக்கொள்வது பல நேரங்களில் பரிசுப் பட்டியல் வழியாகத்தான். வங்க நாடகத்தில் தாபஸ் சென்னும் காலித் சவுத்ரியும் செய்த காரியத்தை எடுத்துக்கொள்வோம். 1959இல் கொல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றிய ‘அங்கார்’ நாடகத்தைப் போட்டார். சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்களை மூழ்கடிக்கும் கடைசிக் காட்சிக்கு மேடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. தாபஸ் சென்னின் விளக்குகள் மட்டுமே நீர்மட்டத்தை ஏற்றிக் காட்டின. அந்த ஒரு காட்சிக்காகவே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். 1954இல் சம்பு மித்ராவின் ‘ரக்தகரபி’க்கு மேடை அமைத்த காலித் சவுத்ரிக்கு 2012இல் பத்மபூஷண் கிடைத்தது. சங்கீத நாடக அகாதெமி நடிப்பு, இயக்கம் ஆகியவற்றுக்கு அப்பால் ஒளி, மேடையமைப்பு, ஒப்பனை போன்ற துணைக்கலைகளுக்கும் விருது வழங்கி இப்படிப்பட்டவர்களைக் கௌரவித்திருக்கிறது. 2006 முதல் மகிந்திரா குழுமம் வழங்கும் ‘மெட்டா’ நாடக விருதுகளில் மேடை, ஒளி, உடை ஆகியவற்றின் வடிவமைப்புக்குத் தனித்தனி விருதுகள் இருக்கின்றன. தமிழ் மேடை இதற்குக் குறைந்ததா? நவாப் ராஜமாணிக்கமும் ஆர்.எஸ். மனோகரும் காட்சி ஜாலத்தை நம்பியே அரங்கை நிரப்பினார்கள். ஆனால் அந்தத் தந்திரக் காட்சிகளைக் கட்டிய தச்சர்கள், படுதா எழுதிய ஓவியர்கள், விளக்குக்காரர்கள் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கம்பெனிப் பெயர் நின்றது, கைகளின் பெயர் போய்விட்டது.

இவையெல்லாம் தேர்ந்த கலைஞர்களுக்கான விருதுகள். மாணவர் பரிசு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு பிரிட்டனின் லின்பரி பரிசு நல்ல சாட்சி. படிப்பை முடித்து வெளியே வரும் மேடை வடிவமைப்பாளர்களுக்காக 1987இல் தொடங்கிய இது, தேர்வானவர்களைத் தொழில்முறை நாடக, நடனக் குழுக்களோடு இணைத்துவிடுகிறது. வென்றவரின் வடிவம் உண்மையிலேயே மேடையேறும். பணத்தைவிட அந்த முதல் வேலைதான் பரிசு. இப்படி வென்று வந்தவர்களில் ஒருவர் எஸ் டெவ்லின்; 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவின் மேடையை வடிவமைத்தவர். செக் நாட்டுத் தலைநகர் பிராகில் 1967 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை கூடும் மேடை வடிவமைப்புக் கண்காட்சியும் மாணவர்களுக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கிறது. அங்கே வரைபடமும் சிறு மாதிரியும் முழு நாடகத்துக்குச் சமமான படைப்புகளாகப் பார்க்கப்படுகின்றன. நம் போட்டிகளில் இல்லாமல் போன கண் அதுதான்.

இனி ஓசூருக்கு வருவோம். சிப்காட் வந்த 1970களுக்குப் பிறகு இந்த ஊர் கையால் யோசிக்கும் மனிதர்களின் ஊராகிவிட்டது. அசோக் லேலண்டின் லாரி, டி.வி.எஸ்ஸின் மொபெட், டைட்டனின் கைக்கடிகாரம் எல்லாம் இங்கே பிறந்தவை. 1.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள கடிகார இயந்திரத்தை டைட்டன் உருவாக்கியதும் இங்கேதான். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் படிக்கும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் நிறைய. மேடை வடிவமைப்புக்கு அடிப்படைத் தேவை என்னென்ன? அளவுப்படி வரையத் தெரிய வேண்டும். எடை தாங்குமா என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். மரமும் இரும்பும் துணியும் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டும். ஒரு சர்க்யூட்டில் எத்தனை விளக்கு தாங்கும் என்று தெரிய வேண்டும். கலைக்கல்லூரி மாணவர் இரண்டு ஆண்டு திணறிக் கற்கும் பாதிப் பாடம் இங்கே வகுப்பறையிலேயே நடக்கிறது. இல்லாதது மறுபாதி: ஒரு கதைக்கு எந்த வடிவம் என்று தேர்ந்தெடுக்கும் கற்பனை.

அந்த மறுபாதியும் இங்கேயே இருக்கிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறதே, அதை வடிவமைப்பாளர் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். அர்ஜுனன் தபசுக்கு நட்ட நெடுமரத்தைப் பாருங்கள். அதில் கட்டிய படிகளில் பாடிக்கொண்டே ஏறுகிறார் கூத்துக்காரர். மேடை கிடையாது, சாய்தள இருக்கை கிடையாது. ஆனால் வயலெங்கும் நிற்கும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கும் நடிகர் மறைவதில்லை. கிடையாக இருக்கும் மேடையைச் செங்குத்தாக நிமிர்த்திப் பார்வைச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன், தரையில் படுத்த நிலையில் மண்ணால் செய்த பேருருவம். நடிகர் அந்த உடலின் மேலேயே ஏறி ஓடுகிறார்; பீமன் தொடையில் அடிக்கும்போது உள்ளே புதைத்த பானை உடைந்து சிவப்பு நீர் பாய்கிறது. காட்சிப் பொருளே மேடையாகவும் பாத்திரமாகவும் ஆகிறது. கூத்துக்காரரின் கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் கல்யாண முருங்கை போன்ற எடையற்ற மரத்தில் குடைந்து கண்ணாடிச் சில்லு பதிப்பதற்கும் காரணம் உண்டு. விடியவிடிய ஆடுபவர் தோளில் சுமை இருக்கக் கூடாது. தீப்பந்தமோ பெட்ரோமாக்ஸோ எதுவானாலும் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை நூறாக்கித் திருப்ப வேண்டும். பள்ளி ஆண்டு விழாவில் தலைமை விருந்தினர் படம் போட்ட ஃபிளெக்ஸுக்கு முன்னால் கண்ணகி நீதி கேட்கிற கொடுமையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் நாம் எதை மறந்தோம் என்று புரியும்.

இங்கே நாடகமே இல்லையே, வடிவமைப்புக்கு யார் வேலை தருவார்கள் என்பது முதல் ஆட்சேபம். நாடகம் என்றால் சபா நாடகம் மட்டும் என்று எண்ணினால் அது சரி. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 4 தேசிய பாதுகாப்பு நாளையொட்டித் தொழிற்சாலைகள் பாதுகாப்பு ஸ்கிட் போடுகின்றன. கோயில் திருவிழாக்கள் கூத்து வைக்கின்றன. கல்யாண மண்டபங்களும் கண்காட்சிகளும் மேடை கேட்கின்றன. அதைவிட முக்கியம், எல்லைக்கு அப்பால் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. 2004 முதல் இயங்கும் ரங்க சங்கரா அங்கே இருக்கிறது. தேசிய நாடகப் பள்ளியின் பெங்களூரு மையமும் இருக்கிறது. இன்னும் மேலே போக நினைப்பவருக்கு 1959இல் தொடங்கிய தில்லி தேசிய நாடகப் பள்ளி வடிவமைப்பில் சிறப்புப் பயிற்சி தருகிறது. ஆனால் அதற்கு விண்ணப்பிப்பவரிடம் பட்டத்தோடு நாடக அனுபவத்தையும் கேட்கிறது. அந்த அனுபவத்துக்குச் சான்றாக நம் மாணவர் நீட்டிக் காட்ட ஒரு தாளும் இல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசி வளர்ந்த ஓசூர்ப் பிள்ளைக்குப் பெங்களூரு அரங்கம் அந்நியமும் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. போட்டி என்று வந்தால் காசுள்ள பள்ளி ஆள்வைத்துச் செட் போட்டு ஜெயித்துவிடும். கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் உடைக்கும் ஒப்பனைக்கும் ஆகும் செலவு பற்றியும், தீர்ப்பை எதிர்த்துக் குவியும் மேல்முறையீடு பற்றியும் நெடுங்காலமாக விமர்சனம் உண்டு. இங்கும் அது நடக்கும். தடுக்காவிட்டால் நிச்சயம் நடக்கும். தடுப்பதற்கு வழி போட்டி விதியிலேயே இருக்கிறது. முடிந்த செட்டைப் பார்க்காமல் வரைபடத்தையும் அட்டையில் செய்த சிறு மாதிரியையும் நடுவர்கள் பார்க்கட்டும். ஒரே கதை, ஒரே அளவு மேடை, எல்லாருக்கும் ஒரே செலவு வரம்பு. அந்தத் தொகைக்குள் செலவுப் பட்டியலைப் போட்டிருக்கிறாரா என்று பார்த்தால் போதும். இந்தத் தூணை ஏன் இடப்பக்கம் வைத்தாய் என்று மாணவரை நிறுத்தி நேரில் கேட்டுவிட்டால் கூலிக்கு ஆள் வைத்தது இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடும். இறுதிச்சுற்றுக்கு வந்த மூன்று நான்கு வடிவங்களை மட்டும் கட்டினால் போதும். வடிவமைப்பை இயக்கத்திலிருந்து பிரித்து மதிப்பிட முடியாது என்பவர்களுக்கும் இதுவே பதில். இசையமைப்பாளரைப் படத்திலிருந்து பிரித்துப் பரிசு தருகிறோமே.

மூன்றாவதாகக் கூத்து வாத்தியார்கள் பக்கமிருந்து வரக்கூடிய ஆட்சேபத்துக்கு நான் தலைவணங்குகிறேன். கிரீடமும் படுகளமும் பரம்பரையாகக் கைமாறிய அறிவு. ஓர் இன்ஜினீயரிங் மாணவர் அதைப் பார்த்து வரைந்து தன் பெயரைப் போட்டுப் பரிசு வாங்கினால் அது திருட்டுக்குச் சமம். ஆகவே யாரிடம் கற்றார் என்ற பெயர் வடிவத்தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். பரிசில் ஒரு பங்கு அந்த வாத்தியாருக்குப் போக வேண்டும். நடுவர் குழுவில் பேராசிரியருக்குச் சமமாக ஒரு கூத்து வாத்தியார் உட்கார வேண்டும். கும்பிட்டுவிட்டுக் காப்பியடிப்பதை விட, கூலி கொடுத்துக் கற்றுக்கொள்வது மரியாதை.

செலவுக்கு எங்கே போவது? நிகர லாபத்தின் மூன்றாண்டுச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு பெரிய கம்பெனிகளைப் பணிக்கிறது. அதற்கான ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் மரபுக் கலை வளர்ச்சியும் உள்ளன. மாவட்டந்தோறும் கலை இளமணி, கலை வளர்மணி என்று வயது வாரியாக விருது தரும் மாவட்டக் கலை மன்றம் இருக்கிறது. 18 வயது வரையிலான கலை இளமணி இந்தப் பிள்ளைகளின் வயதுதான். கலைக்கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பணம், விருது, கல்லூரி மூன்றும் ஏற்கெனவே ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. மூன்றுக்கும் புதிதாகச் சட்டம் தேவையில்லை. கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகம் அடுத்த கலைத் திருவிழாவிலேயே ‘மேடை வடிவமைப்பு’ என்று ஒரு தனிப் போட்டியை மாவட்ட அளவில் வெள்ளோட்டமாக அறிவிக்கலாம். ஆசிரியர்கள் அதை இப்போதே எழுதிக் கேட்க வேண்டும்.