'ஒன்லி' என்னும் ஆங்கில வினையடையும் அதன் தமிழ், அரபு வடிவங்களும்

மொழிபெயர்ப்பிற் பெருஞ்சொற்களைக் காட்டினும் சிறுசொற்களே மிகுதியும் இடர் விளைப்பன. ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் 'ஒன்லி' என்னும் வினையடை இதற்குத் தக்க சான்றாகும். அகராதியை நோக்குவோர் அதற்குத் தமிழில் 'மட்டும்' எனவும், அரபியில் 'ஃபகத்' எனவும் பொருள் கண்டு அமைவர். இடம் நோக்காது இவற்றை வழங்கின் பிழை நேரும்.

ஒருவன் வந்து ஒரு நாளே ஆயிற்று என்னும் கருத்தில் ஆங்கிலம் இச்சொல்லை ஆளுமிடத்து, 'நேற்று மட்டும் வந்தான்' என்பது பொருந்தாது. அது பிற நாட்களில் அவன் வரவில்லை எனப் பொருள்படும். 'நேற்றுத்தான் வந்தான்' என்பதே முறை. நிறைவேறா விருப்பத்தை உணர்த்தும் 'இஃப் ஒன்லி' என்னும் தொடரில் வரையறைப் பொருளே இல்லை. அரபி அதனை 'லைத்த' என்னும் தனி இடைச்சொல்லாற் கூறும். காசோலைத் தொகையின் பின் வரும் 'ஒன்லி' தமிழில் 'மாத்திரம்' ஆகும். அரபியிலோ தொகைக்கு முன் 'ஃபகத்' எனவும், பின் 'வேறில்லை' எனப் பொருள்படும் 'லா ஃகைர்' எனவும் இரு புறமும் காவலிடுவர்.

வரையறைப் பொருளை அழுத்திக் கூற அரபி எதிர்மறையையே துணைக்கொள்ளும். 'மா' என்று மறுத்து, 'இல்லா' என்று விலக்கி, எஞ்சியதை நிலைநாட்டும். இஸ்லாமியரின் கலிமாவும் மறுத்து விலக்கும் இவ்வமைப்பினதே. தமிழில் இப்பணியைத் தொல்காப்பியர் கூறிய பிரிநிலை ஏகாரம் ஓரெழுத்திலே முடிக்கும்.

'மட்டும்' என்பதற்கு ஈழத்து வழக்கில் 'வரை' என்னும் பொருளும் உண்டு. கண்டியிலிருந்து வரும் புகையிரதப் பாதை 1880இல் மாத்தளையை அடைந்தது; அதுவே அதன் முடிவிடம். 'இவ்வண்டி மாத்தளை மட்டும் செல்லும்' என்றால், மாத்தளை வரை செல்லும் என்பதே கருத்து. இடைநிலையங்களில் நில்லாது என்பதன்று. அறிவித்தல் எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் கருதாவிடின் பயணி இடர்ப்படுவார்.

இச்சிறுசொற்கள் மக்களின் உரிமையையும் தொடுவன. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை 'ஒரே' அரசகரும மொழியாக விதித்தது. ஆங்கிலத்தில் 'ஒன்லி' என்னும் அடைபெற்று வழங்கிய அச்சட்டத்தைத் தமிழர் 'தனிச் சிங்களச் சட்டம்' என்றனர். 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. அதன் ஆங்கில வாசகத்தில் சிங்களத்துக்குச் சுட்டிடைச்சொல்லும், தமிழுக்கு 'ஒன்று' எனப் பொருள்படும் இடைச்சொல்லோடு 'ஓல்சோ' என்னும் வினையடையும் அமைந்துள்ளன. அரபி 'அல்' என்பதைச் சேர்த்தும் நீக்கியும் அவ்வேறுபாட்டைக் காட்டவல்லது. அத்தகைய இடைச்சொல் தமிழில் இல்லை; ஆதலின் பொருளின் பெரும்பகுதியை 'தமிழும்' என்பதிலுள்ள எச்சவும்மையே தாங்குகின்றது. முன்னர் ஒன்று உண்டு, அதனோடு இதுவும் சேர்ந்தது என்பதே அவ்வும்மையின் குறிப்பு.

சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் மாத்தளை மாவட்டத்தில் மொழிபெயர்ப்பு ஏட்டுக் கல்வியோடு அமைவதன்று. அலுவலக விண்ணப்பத்தில் ஓர் ஏகாரம் மிகினும் ஓர் உம்மை குறையினும், உரியவர் விலக்கப்படுதல் கூடும். ஆகவே, ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் யாது என வினவுமுன், அச்சொல் எதனை உட்கொள்கின்றது, எதனை விலக்குகின்றது என வினவுதல் மாணவர்க்கு முதற்கடனாகும்.