எருக்கஞ்செடிப் புழு: கம்ப்யூட்டர் சொல்லும் பெயர் சரிதானா?

வீட்டருகே எருக்கஞ்செடியில் வெள்ளை, கருப்பு, மஞ்சள் வளையங்களுடன் ஒரு புழு ஊர்கிறதா? மருந்து அடிக்கும் முன் அது எந்த வண்ணத்துப்பூச்சியின் புழு என்று பார்த்துவிடுங்கள். செல்போன் கேமராவும் இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டரும் போதும்.

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலை தெரியும்படி ஒன்று என மூன்று படங்கள் எடுங்கள். போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, போன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டி.சி.ஐ.எம். போல்டருக்குள் கேமரா போல்டர் இருக்கும். அங்குள்ள படங்களை காப்பி செய்து டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்யுங்கள்.

அடுத்து கூகுள் சர்ச் பாக்ஸில் உள்ள கேமரா ஐகானைக் கிளிக் செய்து, படத்தைக் கொடுங்கள். சில பெயர்கள் கிடைக்கும். முதலில் வரும் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். மொனார்க் என்றுகூட வரலாம். அது வட அமெரிக்காவில் பிரபலமான வண்ணத்துப்பூச்சி. அதன் புழுவுக்கும் இதே மூன்று நிற வளையங்கள்தான்.

சரிபார்க்க, படத்தைத் திறந்து கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் வீலை உருட்டுங்கள். படம் பெரிதாகும். புழுவின் முதுகில் கொம்பு போன்ற கருப்பு இழைகள் ஜோடி ஜோடியாகத் தெரியும். அவற்றை எண்ணுங்கள்.

* 2 ஜோடி (தலைப் பக்கம் ஒன்று, வால் பக்கம் ஒன்று): மொனார்க். நம் ஊர் புளூ டைகர் புழுவுக்கும் 2 ஜோடிதான்.
* 3 ஜோடி (நடுவிலும் ஒன்று): பிளெயின் டைகர். எருக்கில் நாம் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். வளையங்களுக்குப் பதில் கருப்பு உடலில் புள்ளிகளும் கோடுகளும் இருந்தால் ஸ்ட்ரைப்டு டைகர்.
* 4 ஜோடி (முன்பாதியில் மூன்று, வால் பக்கம் ஒன்று): காமன் குரோ. இது அரளிச் செடியில் கிடைக்கும்.

இந்தக் கொம்புகள் மென்மையானவை, கொட்டாது. ஆனால் உடல் முழுவதும் ரோமம் உள்ள கம்பளிப்பூச்சியைத் தொடாதீர்கள், அரிக்கும்.

இன்னும் உறுதி செய்ய, பட்டர்பிளைஸ் ஆப் இந்தியா தளத்தில் பிளெயின் டைகர் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள புழுப் படங்களுடன் ஒப்பிடுங்கள். 2008ல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் உங்கள் படத்தை ஏற்றினால், மற்ற உறுப்பினர்கள் பார்த்துப் பெயரை உறுதி செய்வார்கள். அங்கே இடம் கேட்கும்போது 'அப்ஸ்கியூர்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீடு இருக்கும் சரியான இடம் மற்றவர்களுக்குத் தெரியாது.

பிளெயின் டைகர் புழு எருக்கு போன்ற செடிகளின் இலையைத்தான் தின்னும். உங்கள் கத்தரி, வெண்டைக்கு வராது. மருந்து தேவையில்லை. சில நாட்களில் கூட்டுப்புழுவாகும். அதையும் ஒரு படம் எடுத்து அதே போல்டரில் சேர்த்து வையுங்கள்.