கறுப்புப் பெட்டியும் கண்ணாடிப் பெட்டியும்

கண்டதை அப்படியே செய்வது குரங்கின் குணம் என்பது பொதுவழக்கு. ஆனால் வாலில்லாப் பேரினக் குரங்கான சிம்பன்சியிடம் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வழக்கை ஏறத்தாழத் தலைகீழாக்கியது. உகாண்டாவில், விக்டோரியா ஏரியிலுள்ள இங்காம்பா தீவுக் காப்பகத்தில் வளர்ந்த இளம் சிம்பன்சிகளின் முன், ஒருவர் பெட்டியின் மேல்துளைக்குள் குச்சியால் குத்திவிட்டு, பின்னர் முன்பக்கத் துளை வழியாக உள்ளிருந்த தின்பண்டத்தை எடுத்துக் காட்டினார். பெட்டி உட்புறம் தெரியாத கறுப்பு நிறமாயிருந்தபோது சிம்பன்சிகள் இரு செயல்களையும் பின்பற்றின. அதே அமைப்புள்ள கண்ணாடி போன்ற பெட்டியில், மேல்துளைக்கும் தின்பண்டத்துக்கும் நடுவே தடுப்பு இருப்பது கண்ணுக்குத் தெரிந்ததும், பயனற்ற குத்தலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நேரே முன்துளைக்குச் சென்றன.

செயல்முறையையே படியெடுப்பது ‘போலச்செய்தல்’ எனவும், முறையை விட்டு விளைவை மட்டும் தன்வழியில் எட்டுவது ‘விளைவுநாடல்’ எனவும் கொண்டால், சிம்பன்சி சூழலுக்கேற்ப இரண்டுக்குமிடையே மாறிக்கொள்கிறது. வியப்பு என்னவெனில், இதே சோதனையில் மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டியிலும் பயனற்ற குத்தலை விடாமல் செய்தனர். இதை அறிவுக்குறை என்று கொள்வது அவசரமாகும்; காரணம் விளங்காத சடங்கையும் கைவினையையும் தலைமுறைதோறும் பிசகாமல் கைமாற்ற உதவுவது இந்த மிகைப்படியெடுப்பே எனக் கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர்.