சைக்கிள் கவிதையை எப்படிப் படிப்பது?



நிலாவுக்குக் கவிதை இருக்கு, மழைக்கு இருக்கு. சைக்கிளுக்கு இருக்கா? இருக்கு. அது ஒரு மாவட்டத்தையே பெடல் மிதிக்க வைத்த கதையும் இருக்கு.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தும் பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வேலை நடக்குமா? அதனால் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்களாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அவர்கள் எல்லோரும் பாடிய சைக்கிள் பாட்டை எழுதியவர் முத்து பாஸ்கரன் என்ற அறிவொளித் தொண்டர். “அது பாட்டுதானே, கவிதையா?” என்று சிலர் கேட்பார்கள். என்னைக் கேட்டால் கவிதைதான். எப்படிப் படிக்கணும்னு சொல்றேன்.

முதலில், யார் யாரிடம் பேசுவது என்று பாருங்கள். பாட்டு “தங்கச்சி” என்று கூப்பிடுகிறது. எழுதியவர் ஆண், அப்போது அது அண்ணன் குரல். ஆனால் பாடியது பெண்கள். அவர்கள் வாயில் வந்ததும் அதே சொல் அக்கா குரலாக மாறிவிடுகிறது! எழுத்து மாறவே இல்லை, அர்த்தம் மாறிடுச்சு. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்து, மனசுக்குள் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். “தங்கச்சி” திரும்பத் திரும்ப வருவது பெடல் சுற்றி வருகிற மாதிரி காலுக்குத் தெரியும். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஓட்டத் தெரியாதவர்களுக்கு? எங்க அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். ஷேர் ஆட்டோ வரலைன்னா நடைதான். அவருக்கு இந்தப் பாட்டைப் படித்துக் காட்டினேன். தாளம், குரல் எதையும் அம்மா கேட்கவில்லை. “பொடவை கட்டிக்கிட்டு எப்படிடி ஓட்டினாங்க? பார் இடிக்காதா?” என்றுதான் கேட்டார்.

புதுக்கோட்டையில் சில பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பி ஓட்டினார்களாம். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “உன் சைக்கிள்ல பார் இல்ல இல்ல?” என்றார்.

இல்லை. அரசு கொடுத்த லேடீஸ் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை மைதானம் காலியாகத்தான் இருக்கும்.

– 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி